சுவருக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு

ஜூன் மாதத்தின் முதல் வெயிலில் நெரேயோ, பெடோச்சின் என்ற கடற்கரைக் குளிதுறையின் டிக்கெட் ஜன்னல் முன்னால் நின்று, "ரெண்டு" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. உள்ளே இருந்த ஃபுல்வியாவும் பழக்கத்தில் இரண்டைக் கிழித்துவிட்டாள். கிழித்த பிறகு அவளுக்கும் உறைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் இரண்டு டிக்கெட்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆண்கள் வாசல் பக்கம் திரும்பினார். பெண்கள் வாசலுக்குத் திரும்ப வேண்டிய அவர் மனைவி நீவெஸ் பிப்ரவரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இத்தாலியக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் திரியெஸ்தே நகரத்தில் வெளியூர்க்காரர்களுக்கு மற்ற எல்லாமே பிடிக்கும். இந்த ஒரு இடத்தை மட்டும் அவர்களால் ஜீரணிக்க முடியாது. கூழாங்கல் கரை. நடுவில் ஒரு உயரமான வெள்ளைச் சுவர். அது கரையோடு நிற்காமல் கடலுக்குள்ளும் கொஞ்ச தூரம் இறங்கிப் போகும். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்களும் குழந்தைகளும். "இந்தக் காலத்தில் இப்படியா?" என்று வந்தவர்கள் மூக்கின் மேல் விரல் வைப்பார்கள். சுவரை இடிக்கலாம் என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் வரிந்துகட்டிக்கொண்டு வருவது பெண்கள்தான். "வீட்டுல நாள் பூரா அவங்க மூஞ்சியத்தானே பார்க்கிறோம், இங்கயாவது வயித்தை எக்காம நிம்மதியா படுக்கிறோம், விடுங்க" என்பார்கள்.

நெரேயோ சின்ன வயதில் அம்மாவோடு அந்தப் பக்கம்தான் இருந்தார். பன்னிரண்டு வயதானதும் எல்லாப் பையன்களையும் போல அவரையும் இந்தப் பக்கம் அனுப்பினார்கள். அன்றைக்கு அங்கே ஆண்கள் யாரும் பேசாமல் முகத்தில் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்து, ஆண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று அவர் முடிவு செய்துகொண்டார். வேறு யாரும் மாற்றிச் சொல்லவில்லை. வேலையும் அதற்குத் தோதாகவே அமைந்தது. துறைமுகத்தில் காப்பிக்கொட்டை மூட்டைகளை இறக்கும் கிரேன் ஓட்டினார். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, கீழே கப்பல், கண்ணுக்கு எட்டிய மட்டும் கடல், பேச ஒரு ஆள் கிடையாது. இயந்திரச் சத்தம் அவருடைய இடது காதைக் கல்யாணத்துக்கு முன்பே தின்னத் தொடங்கிவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

நீவெஸும் வீட்டில் பேசுகிறவள் இல்லை. சான் ஜாகொமோ மேட்டில் மூன்றாவது மாடி வீடு. அவள் பீன்ஸும் புளித்த முட்டைக்கோசும் போட்டு சூப் வைப்பாள், அவர் குடிப்பார். அவர் ரேடியோ வைப்பார், அவள் துணி மடிப்பாள். சண்டை என்று ஒன்று கிடையாது. பிள்ளைகளும் பிறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கமான ஜோடி என்றார்கள். அந்த வீட்டில் ஒரு மனிதர் தும்மினால் அது அன்றைய செய்தி என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் கோடையில் இருவரும் பெடோச்சினுக்குத் தவறாமல் வருவார்கள். வாசலில் பிரிவார்கள், சாயங்காலம் அதே வாசலில் சேருவார்கள். கல்யாணமான மூன்றாவது கோடையோ நாலாவதோ, ஒரு நாள் வெயில் தாங்காமல் நெரேயோ சுவரோரமாக நகர்ந்து, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சிரித்தாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் மூச்சு முட்டி, மறுபடியும் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிற சிரிப்பு. யாரோ கொடுத்து வைத்தவனுடைய பெண்டாட்டி, தினமும் இதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட உட்காருவான் என்று நினைத்து அவருக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. சிரித்து முடித்து அந்தப் பெண் ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது, குரல் நீவெஸின் குரல்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று சாயங்காலம் வாசலில் அவளை ஏதோ புதிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவள் வழக்கம்போல முகத்தை வைத்துக்கொண்டு, "போலாமா" என்றாள். அவர் முதுகில் ஒட்டியிருந்த மணலை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அந்த இடம் அவருடைய இடமாகிவிட்டது. நல்ல காதைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்வார். பேச்சு அநேகமாகப் புரியாது, கூழாங்கல் மேல் அலை புரளும் சத்தம் அதைத் தின்றுவிடும். சிரிப்பு மட்டும் தப்பித்து வரும். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவாளோ என்று பயம். இப்படியே முடி நரைத்தது, கிரேன் வேலையிலிருந்து ஓய்வும் வந்தது. வேலை போன பிறகு கோடை முழுவதும் தினமும் வந்தார்கள். சுவரோரம் உட்கார்ந்து பெண்டாட்டியின் சிரிப்பைத் திருட்டுத்தனமாகக் கேட்பதுதான் உன் வாழ்க்கையின் பெரிய சந்தோஷமா என்று அவரை யாராவது கேட்டிருந்தால் அவர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் அது உண்மை.

பிப்ரவரியில், போரா என்கிற எங்கள் ஊர்க் குளிர்காற்று தெருக்குப்பைத் தொட்டிகளை உருட்டிக்கொண்டிருந்த வாரத்தில் நீவெஸ் காய்ச்சலில் படுத்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

அடக்கத்துக்கு வந்த அவருடைய அக்கா ஆல்மா, தன் ஊரான பாதுவாவுக்குத் திரும்பிப் போகும்போதே சொல்லிவிட்டுப் போனாள். அவளும் தனியாள்தான். வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது.

"டேய், செப்டம்பர் வரைக்கும் டைம் தர்றேன். வர்றியா இல்லையான்னு சொல்லிடு. வர்றதுன்னா அந்த ரூமுக்குப் பெயின்ட் அடிக்கணும்."

"இங்க கடல் இருக்கே அக்கா."

"கடல் உனக்குக் காப்பி போட்டுத் தருமா? காய்ச்சல்னா கஞ்சி வெச்சுத் தருமா? அங்க உனக்கு என்னடா இருக்கு?"

சுற்றுலாக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களைக் கேட்டால் வண்டி வண்டியாகப் பதில் சொல்வார்கள். எந்தத் தெருவில் நின்றாலும் அதன் கடைசியில் கடல் தெரிகிறது, சாயங்காலம் கல் கட்டடங்கள் எல்லாம் பொன்னிறமாகிவிடுகின்றன, ஒரு சின்னக் காப்பியை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்புவதில்லை, இப்படி ஓர் ஊரில் வாழக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார்கள். பொய்யில்லை. ஆனால் மாலை வெயிலைப் பார்த்ததும் "அங்க பாரேன்" என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் அது கண்ணைக் கூசுவதோடு சரி. நெரேயோ "அங்க பாரேன்" என்று சொன்ன ஆளும் இல்லை. இப்போது சொல்ல வேண்டும் போலிருந்தபோது ஆள் இல்லை.

அவர் பெடோச்சினுக்கு வந்தது ஒரே காரணத்துக்காகத்தான். நீவெஸின் சிரிப்பு இனி வராது என்பது அவருக்குத் தெரியாதா? ஆனால் அவளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் இருப்பார்கள். அவர்களுடைய பேச்சுச் சத்தமாவது வரும். அந்தப் பேச்சுக்கு நடுவே அவள் சிரிக்கும் இடம் எது என்றாவது தெரியும். அது போதும் என்று நினைத்தார். அது கிடைத்தால் இந்த ஊரிலேயே காலத்தை ஓட்டிவிடலாம். கிடைக்காவிட்டால் பாதுவாதான்.

சுவரில் முதுகைச் சாய்த்தார். காதை வைத்தார். அலைச் சத்தம் மட்டும் வந்தது. மறுநாளும் அதே. அந்த வாரம் முழுக்க அதே. தூரத்தில் குழந்தைகள் கத்தினார்கள். சுவருக்கு நேர் பின்னால் யாருமே இல்லை.

"என்னப்பா, சுவரோட சம்பந்தம் பண்ணிக்கிட்டியா?" என்று கேட்டார், வெயிலில் மல்லாந்து கிடந்த தூல்லியோ. கப்பலில் சமையல்காரராக இருந்தவர். "இந்தப் பக்கம் வா. அங்க ஈரம். முதுகு புடிச்சுக்கும்."

"எனக்கு இதான் சவுகரியம்."

"ஆமா, சவுகரியம். ஆயுசு பூரா நிழல்ல உட்கார்ந்து வெளுத்துப் போய்க் கெடக்கிறே, பொரிக்காத மத்தி மீன் மாதிரி."

ஜூலையில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் நெரேயோ தண்ணீரில் இறங்கினார். சுவரைப் பிடித்தபடியே மார்பளவு ஆழத்துக்கு நடந்து போனார். அது முடிகிற இடத்தில் தலையை நீட்டி அந்தப் பக்கம் பார்த்தார். சுவரோரம் வெறும் கல்தான் இருந்தது. நீவெஸின் கூட்டாளிகள் கரையின் அடுத்த கோடியில், நல்ல வெயிலில், வண்ணக் குடைகளுக்குக் கீழே படுத்திருந்தார்கள். அவர்களில் ஒந்தினாவின் சிவப்புக் குளியல் தொப்பியை மட்டும் அவரால் அடையாளம் காண முடிந்தது.

"ஏய்யா, இங்க என்ன பார்வை?" என்று பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு தடித்த பெண் உரக்கக் கேட்டாள். "இந்த வயசுல எட்டிப் பார்க்க வந்துட்டீங்களா? வெட்கமா இல்ல?"

சுவரின் இரண்டு பக்கத்துக்கும் அது கேட்டது. நெரேயோ காது வரை சிவந்து திரும்பி வந்தார். "அடப்பாவி, உன்னைப் போய் ஊமைன்னு நினைச்சேனே" என்று தூல்லியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆண்கள் பக்கத்தில் அவ்வளவு பேர் சேர்ந்து சிரித்து நெரேயோ கேட்டதே இல்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வாசலில் ஒந்தினா நின்றுகொண்டிருந்தாள். முன்பு தையல் கடை வைத்திருந்தவள், நாக்கும் கத்தரிக்கோல்தான். ஈரத் தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள்.

"பெரிய ஆளாயிட்டீங்க போலிருக்கு" என்றாள். "எங்க பக்கம் பூரா உங்க பேச்சுதான்."

"நான் அதுக்காகப் பார்க்கலை."

"அது எனக்குத் தெரியாதா? உங்களுக்கு அந்தத் தைரியம் இருந்தா நீவெஸ் எப்பவோ உருப்பட்டிருப்பா. எதுக்குப் பார்த்தீங்க?"

நெரேயோ தன் செருப்பைப் பார்த்தார். பிறகு பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று அவரைப் பற்றி ஊர் கேலி பேசியது சும்மா இல்லை. கடைசியில், "முன்ன எல்லாம் சுவரோரமா உட்காருவீங்க" என்றார்.

"ஆமா, உட்கார்ந்தோம்."

"மறுபடியும் அங்க வந்து உட்காரக் கூடாதா?"

ஒந்தினா துண்டை அவிழ்த்து, மறுபடி சுற்றினாள். "எதுக்கு? அந்த எடத்துல பாதி நாள் வெயிலே வராது. எனக்கு முட்டி வலி வந்ததே அங்க உட்கார்ந்துதான். நாங்க என்ன ஆசைப்பட்டா உட்கார்ந்தோம்? உங்க பெண்டாட்டி விட மாட்டா. வேணும்னா நீங்க போங்கடி, நான் இங்கதான் உட்காருவேன்னு பிடிவாதம். அவ இல்லாம எங்களுக்கு என்ன இருக்கு அங்கன்னு நாங்களும் உட்கார்ந்தோம்."

"அவளுக்கு எதுக்கு அந்த இடம்?"

"கேக்கிறதைப் பாரு. நீங்க அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கீங்கன்னுதான்."

நெரேயோவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. "அவளுக்கு அது தெரியாதே" என்றார். "நான் சொன்னதே இல்லை."

"நீங்க எதைத்தான் சொன்னீங்க? தினமும் சாயங்காலம் இங்க நின்னு உங்க முதுகைத் தட்டுவாளே, ஞாபகம் இருக்கா?"

"மணல் தட்டுவா."

"பெடோச்சின்ல ஏதுங்க மணல்?"

அவர் திரும்பிக் கரையைப் பார்த்தார். சுவர் முதல் தண்ணீர் வரை கூழாங்கல். பிறந்ததிலிருந்து அதன் மேல்தான் நடந்திருக்கிறார்.

"சுண்ணாம்பு" என்றாள் ஒந்தினா. "சுவத்துச் சுண்ணாம்பு. முதல் நாளே கண்டுபிடிச்சுட்டா. அந்த மனுஷன் சுவத்துல சாய்ஞ்சு கேக்கிறாரு, அங்க தனியா உட்கார்ந்திருக்காரு, ஏதாவது காதுல விழட்டும்னு சொல்லுவா. சிரிக்கிறப்ப சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரிப்பா. நாங்க கேலி பண்ணுவோம்."

நெரேயோ வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப வீட்டுல ஏன் சிரிக்கலை?"

ஒந்தினாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "கல்யாணமான புதுசுல சிரிச்சாளாம். பேசவும் பேசினாளாம். நீங்க ரேடியோவைக் கூட்டி வெச்சுட்டீங்களாம். இவருக்குப் பிடிக்கலைபோலன்னு நிறுத்திக்கிட்டா."

"எனக்கு ஒரு காது கேக்காது" என்றார் நெரேயோ. இந்த வாக்கியத்தை அவர் வாழ்நாளில் முதல் தடவையாகச் சொல்கிறார். "ரேடியோ கேக்கலைன்னுதான் கூட்டி வெச்சேன்."

ஒந்தினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஒன்று வந்து நின்று, இருவரும் ஏறாததால் கிளம்பிப் போனது.

"இங்க பாருங்க" என்றாள் அப்புறம். "நாளைக்கு நாங்க வந்து சுவரோரமா உட்காருறோம். ஒரு நாள். ஆனா கதை சொல்றது அவதான், நாங்க சிரிக்கிறவங்க. இப்ப நாங்க எதுக்குச் சிரிக்கிறது? நீங்க பேசுங்க. பேசினா இருக்கோம். சுவத்தைத் தடவிக்கிட்டு சும்மா உட்கார்ந்திருந்தா, நான் என் முட்டியத் தூக்கிக்கிட்டு வெயிலுக்குப் போயிடுவேன்."

மறுநாள் காலையில் அவர் காப்பிக் கடையில் நின்று மூன்று காப்பி குடித்தும் சொல்வதற்கு ஒரு கதை கிடைக்கவில்லை. கிரேனைப் பற்றி எதைச் சொல்வது? மூட்டை ஏறியது, மூட்டை இறங்கியது. இளம் வயதில் துறைமுகத்தில் கிரேன் கூண்டு காற்றில் ஆடியபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

சுவரோரம் போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அந்தப் பக்கம் கற்கள் நெறுநெறுத்தன. யாரோ முனகிக்கொண்டே உட்கார்ந்தார்கள். "இருக்கோம்" என்றாள் ஒந்தினா.

தூல்லியோ முகத்திலிருந்த செய்தித்தாளை எடுத்துவிட்டுப் பார்த்தார். நெரேயோ தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். அந்தப் பக்கம் கற்கள் அசைந்தன. எழுந்து போய்விடுவார்கள் போலிருந்தது. வேறு வழியில்லாமல் தன்னிடம் இருந்த ஒரே கதையைச் சொன்னார்.

"ஒரு நாள் நான் இங்க நிழலுக்கு உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஒரு பொம்பளை சிரிச்சா. நல்ல சிரிப்பு. எனக்கு அந்தப் புருஷன் மேல ஒரே பொறாமை. என் வீட்டுலயும் ஒருத்தி இருக்காளே, சிரிச்சா சர்க்கார் வரி போடும்ங்கிற மாதிரி வாயை மூடிக்கிட்டு, அப்படின்னு நினைச்சேன்." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அப்புறம் அந்தப் பொம்பளை சொன்னா, எங்க வீட்டுக்காரர் கிரேன்லேருந்து எறங்குறாரே ஒழிய, இன்னும் தரைக்கு வந்து சேரலைன்னு."

"அப்புறம்?" என்றாள் ஒந்தினா.

"அப்புறம் யோசிச்சேன். அந்தப் புருஷனும் கிரேன் ஓட்டுறவன்போல, யாரா இருக்கும், நமக்குத் தெரிஞ்சவனா இருப்பானேன்னு. துறைமுகத்துல இருக்கிற அத்தனை பேரையும் மனசுல ஒவ்வொருத்தனாப் பார்த்துட்டேன். கடைசியிலதான் குரல் புடிபட்டுது."

தூல்லியோவிடமிருந்து ஒரு செருமல் வந்தது.

"தெரிஞ்சதும் என்ன பண்ணீங்க?" என்று ஒந்தினா கேட்டாள்.

நெரேயோ யோசித்தார். நேர்மையாகச் சொல்ல ஒரே பதில்தான் இருந்தது.

"ஒண்ணும் பண்ணலை" என்றார்.

முதலில் ஒந்தினா சிரித்தாள், வாத்து கத்துவது போல. பிறகு மற்றவர்கள். இந்தப் பக்கம் தூல்லியோ, அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிரிப்பு கிளம்பி மேலே போயிற்று. நெரேயோ நல்ல காதைச் சுவரில் அழுத்தி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சிரிப்பாக அவரால் பிரித்துக் கேட்க முடிந்தது. நடுவில் மூச்சு முட்டி மறுபடியும் மேலே ஏறுகிற அந்த ஒன்று மட்டும் இல்லை. எல்லோரும் சிரித்து ஓயும் வரை அவர் அது வருமா என்று காத்திருந்தார். அவர் அழுததைத் தூல்லியோ பார்த்தார். பார்த்துவிட்டு, செய்தித்தாளை எடுத்து மறுபடியும் முகத்தில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு வேற கதை" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

சாயங்காலம் வாசலுக்கு வந்தபோது ஒந்தினா அவருக்குப் பின்னால் வந்தாள். அவர் முதுகைப் பார்த்தாள். அவள் கை கொஞ்சம் உயர்ந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, கையை இறக்கிப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். "முதுகுல சுண்ணாம்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வழியே போனாள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் ஆல்மா போன் செய்தாள். பெயின்ட் என்ன நிறம் வாங்குவது என்று கேட்டாள்.

"வாங்க வேண்டாம் அக்கா. நான் வரலை."

"ஏன்டா? மறுபடியும் அந்தக் கடல் புராணமா?"

"ஆமா" என்றார். "நாளைக்கு ஒரு கதை சொல்லணும். இன்னும் யோசிக்கலை."

அவள் ஏதோ கத்தினாள். போன் கேளாத காதில் இருந்தது.

பஸ் நிறைய கப்பல் பயணிகள். எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து பொன்னிறமான கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற ஒரு வெளியூர்ப் பெண் தயங்கி அவர் தோளைத் தொட்டாள். அவருடைய முதுகைக் காட்டி, வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது என்று சைகை செய்தாள். தட்டிவிடட்டுமா என்பது போல உள்ளங்கையை விரித்தாள்.

"வேண்டாம்மா" என்றார் நெரேயோ. "இருக்கட்டும்."